தறிச் சத்தத்துக்குக் கூசாத காது

ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். குடிப்பான் என்று சொல்லலாம். கறுப்பு என்று சொல்லலாம். அதை அப்பா சங்கையா ஒப்புக்கொள்ள மாட்டார் என்றாலும் காது கொடுத்துக் கேட்பார். மாமியாருக்கு வாய் நீளம் என்று சொல்லலாம். வேறு ஒருத்தன் மனசில் இருக்கிறான் என்றுகூடச் சொல்லலாம். ரெண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியாது, அப்புறம் அந்த ஒருத்தன் யார் என்று விசாரிக்கப் போய்விடலாம். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவன், பீடி சிகரெட் கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்த வீடு. அப்படிப்பட்ட பையனை, அவன் பூரி தின்கிற சத்தம் பிடிக்கவில்லை என்று உலகத்தில் எவளாவது வேண்டாம் என்பாளா? சங்கையா பெற்ற மகள் சிவரஞ்சனி சொன்னாள்.

சங்கையா லேசுப்பட்ட ஆள் இல்லை. மம்சாபுரத்தில் கூலி வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ராஜபாளையத்துக்குப் பஞ்சு மூட்டை தூக்க வந்தவர். மூட்டை தூக்கினார், தறி ஓட்டினார், பழைய தறி ரெண்டை இரும்பு விலைக்கு வாங்கித் தானே பழுது பார்த்தார். இன்றைக்கு அவர் கொட்டகையில் பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிறது. எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. தெருவில் யாராவது காலில் கட்டோடு எதிரே வந்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் கட்டை விரலால் நெருடிப் பார்த்து, "நம்ம துணிதான்" என்று சொல்லிவிட்டுத்தான் என்ன அடி என்று கேட்பார். ஒரு வங்கிக்காரன் தயவிலும் ஒரு சொந்தக்காரன் சிபாரிசிலும் அவர் வரவில்லை. அதை அவரே யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

அவர் சாப்பிடுகிற அழகும் அந்த நாளில் வந்ததுதான். மூட்டை தூக்குகிற ஆளுக்கு மணி அடித்தால் சோறு, மறு மணி அடித்தால் மூட்டை. நடுவில் நாசூக்குப் பார்த்தவன் பட்டினி கிடந்தான். தூக்குச் சட்டியைத் திறந்து, குழம்பைக் கவிழ்த்து, வாய் கொள்ளாமல் உருட்டிப் போட்டு, ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி முழங்கைக்கு வழியவிடாமல் ஒரே இழுப்பாக உறிஞ்ச வேண்டும். அந்த இழுப்பு இருக்கிறதே, அது சங்கையாவுக்கு இன்றும் குறையவில்லை. சோறு நன்றாயிருக்கிறது என்று சமைத்தவளுக்கு வாயால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சாப்பிடுகிற சத்தமே சொல்லும் என்பது அவர் கொள்கை.

சமைத்தவள் சீனியம்மாள். அவளைப் பற்றி அவருக்கு ஒரு பெருமை உண்டு. தறியைவிட, வீட்டைவிட, அதைத்தான் கல்யாண வீடுகளில் அதிகம் சொல்லுவார்.

"எம் பொண்டாட்டி எனக்கு முன்னால ஒரு பருக்கை வாயில வச்சவ இல்ல. கூட உக்காந்தும் தின்னவ இல்ல. நான் கை கழுவுன பொறவுதான் அவ தட்டையே எடுப்பா. இந்தக் காலத்துல எவ இருக்கா அப்பிடி?"

அது உண்மைதான். அவர் உட்கார்ந்தவுடன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். உள்ளே குழாய் திறந்திருக்கும், பாத்திரம் உருளும். புருஷன் சாப்பிடுகிற நேரத்தைக்கூட வீணாக்காமல் வேலை செய்கிறாள் என்று அந்தச் சுறுசுறுப்பையும் அவர் சேர்த்துச் சொல்லுவார். கேட்கிற ஆண்கள் தங்கள் வீட்டை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

பெண் பார்த்தது ஆண்டாள் கோயிலில். அப்படியெல்லாம் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் இப்போது வசதி. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததாகப் பேர். ஏற்பாடு செய்தது சீனியம்மாளின் தம்பி பாண்டிதுரை. வேன் ஓட்டுகிறவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன். மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் வேட்டி சட்டையில் லட்சணமாக வந்தான். அவன் அப்பா சமுத்திரம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனும் பெண்ணும் பிரகாரத்தில் ஒரு சுற்று தனியாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். சிவரஞ்சனி முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைச் சங்கையா தன் ரெண்டு கண்ணாலும் பார்த்தார்.

பிறகு எல்லோரும் ஒரு ஓட்டலுக்குப் போனார்கள். பையன் பூரி சொன்னான், அதற்கு மேல் ஒரு ஊத்தப்பம் சொன்னான், காபியை டவராவில் ஊற்றி உறிஞ்சினான். தட்டில் ஒரு துளி மிச்சமில்லை. ரசித்துத் தின்கிறவன் குடும்பத்தையும் ரசித்து நடத்துவான் என்று சங்கையாவுக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் சமுத்திரத்தின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம உங்க வீட்ல கை நனைக்க வாரோம்."

கை நனைப்பது என்றால் விளையாட்டு இல்லை. சம்பந்தம் முடிவாகிறவரை ஒருவர் வீட்டில் மற்றவர் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. இலையில் உட்கார்ந்து கையை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதற்கப்புறம் பின்வாங்குகிறவன் மனுஷனே இல்லை. ஓட்டலில் தின்றது இந்தக் கணக்கில் சேராது.

வேன் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, சிவரஞ்சனி பின்சீட்டிலிருந்து சொன்னாள்.

"அப்பா, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்."

"ஏன் தாயி? சிரிச்சுத்தானே பேசுன?"

"பேசுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிடுற சத்தம் என்னால தாங்க முடியலப்பா. சப்பு சப்புன்னு. வயித்தப் பெரட்டிருச்சு. என் தோசைய அப்பிடியே வச்சுட்டேன், நீங்க பாக்கல."

பாண்டிதுரை கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "நான் பாத்தேன் அத்தான். வீணாப் போகுதேன்னு நாந்தான் எடுத்துத் தின்னேன்."

"ஏலே, நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார் சங்கையா. மகள் பக்கம் திரும்பினார். "வெளையாடாத தாயி. என்ன விசயம்னு சொல்லு."

"அதான் விசயம்."

வீடு வந்து சேர்கிறவரை அவர் வேனின் சன்னலை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார். 

வீட்டுக்கும் தறிக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பன்னிரண்டு தறியும் ஓடும்போது வாசலில் நிற்கிறவன் தன் பேச்சு தனக்கே கேட்காமல் கையால் பேசுவான். புதிதாக வருகிற உறவுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இதில் குடியிருக்கிறீர்களோ என்பார்கள். சிவரஞ்சனி அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் தொட்டிலில் தூங்கி, அந்தச் சத்தத்தில் படித்து மருந்துக் கடையில் வேலைக்கும் போகிறவள். தறி நின்றால்தான் விழித்துக்கொள்கிற பிள்ளை.

சங்கையா அதைத்தான் முதலில் பிடித்தார்.

"இங்க கேளு. தறிச் சத்தம் உனக்கு ஆகுது. தறியில நாடாக்கட்டை ஓடி அடிக்கிற அடியில சொவரு அதிருது, அதுல நீ குறட்டை விட்டுத் தூங்குத. ஒருத்தன் பூரி தின்னா உனக்கு வயித்தப் பெரட்டுதோ? எது பெரிய சத்தம்?"

"பெருசு சின்னதுன்னு இல்லப்பா. தறி மிசினு. அதுக்கு எச்சி கிடையாது." சிவரஞ்சனி வார்த்தையைத் தேடினாள். "அவரு மெல்லும்போது, வாய்க்குள்ள கெடக்கிறதையெல்லாம் கொண்டாந்து என் காதுக்குள்ள கொட்டுத மாதிரி இருக்கு. எந்திரிச்சு ஓடிரணும்னு தோணுது. இல்லைன்னா எதையாவது எடுத்து எறியணும்னு தோணுது. ஏன்னு எனக்கே தெரியல."

"அப்ப நம்ம நாயி?" என்றார் சங்கையா.

வாசலில் அவர் வளர்க்கிற வெள்ளை ராஜபாளையத்து நாய், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து தலையைத் தூக்கியது.

"அது எலும்பக் கடிக்கும்போது பக்கத்துல உக்காந்து தடவிக் குடுக்க. கஞ்சிய நக்குனா அழகு அழகுன்னு போன்ல படம் எடுக்க. அது மட்டும் என்ன சங்கீதமா?"

"அது நாய்ப்பா."

"அப்ப நாயிக்கு உள்ள மரியாதை மனுசனுக்கு இல்ல."

"நாயிக்கு வாயை மூடி மெல்லத் தெரியாதுப்பா. மனுசனுக்குத் தெரியும்ல. அதான் ஆத்திரமா வருது."

அவளுக்கு இது புதிதில்லையாம். மருந்துக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் முறுக்குக் கடித்தால் சரக்கு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாளாம். இதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறதாம், சில பேருக்குச் சில சத்தம் ஆகாதாம், போனில் போட்டிருக்கிறார்களாம்.

"பேரு வச்சுட்டா எல்லாம் வியாதியாயிருமா?" என்றார் சங்கையா. "நான் மூட்டை தூக்குன காலத்துல எனக்கு இதெல்லாம் வந்திருந்தா நீ பொறந்திருக்கவே மாட்ட."

"அத்தான், நீங்க மட்டும் என்னவாம்," என்றான் பாண்டிதுரை. சும்மா இருந்தால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது. "போன மாசம் பஸ் ஸ்டாண்டுக் கடையில பக்கத்து மேசைக்காரரு காறுனாருன்னு நாலு இட்லிய வச்சுட்டு எந்திரிச்சு வந்தியளே. துப்பக்கூட இல்ல, வெறுமன காறுனாரு."

"ஏலே, அது சளி. இது சோறு. ரெண்டும் ஒண்ணா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா," என்றாள் சிவரஞ்சனி.

சங்கையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உழைக்கிறவன் வாயில் சோறு போகிற சத்தத்தையும் சளியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள் அவர் மகள். இவள் தின்று வளர்ந்த ஒவ்வொரு கவளமும் அப்படிச் சத்தம் போட்டுச் சாப்பிட்டவன் உழைப்பில் வந்தது. இதைச் சும்மா விடக்கூடாது என்று தன் கையில் இருந்த பெரிய சாட்சியை அழைத்தார்.

"ஏட்டி சீனி, இங்க வா. உம் மகளுக்கு நீயே சொல்லு. இத்தன வருசம் எனக்குச் சோறு போட்டியே, நான் என்ன பூனை மாதிரியா தின்னேன்? என்னைக்காவது முகத்தச் சுளிச்சிருப்பியா?"

சீனியம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்று முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"உங்க முன்னால சுளிச்சதில்ல," என்றாள்.

"அப்பிடின்னா?"

"உள்ள போயிச் சுளிச்சுக்கிடுவேன்."

பாண்டிதுரை எழுந்து வாசலுக்குப் போய் நாயைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தான். அவன் முதுகு குலுங்கியது.

"என்னட்டி சொல்லுத?"

"கேட்டிய, சொல்லுதேன். மறுவீட்டுக்கு வந்து எங்க வீட்ல மொத மொதல்ல ரசம் குடிச்சிய பாருங்க, அன்னைக்கே எனக்குக் குமட்டிருச்சு. எங்க ஆத்தா மசக்கையோன்னு பாத்துச்சு. கல்யாணமாகி மூணாம் நாளு மசக்கை எங்கிட்டு வரும்?"

"பொறவு?"

"பொறவென்ன. குழாயத் தெறந்து விட்டேன்."

சங்கையா அடுக்களையைப் பார்த்தார். குழாய் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. எத்தனை கல்யாணப் பந்தல், எத்தனை பேர் கேட்டார்கள். என் பெண்டாட்டி கூட உட்கார்ந்து தின்னவள் இல்லை என்று மார்தட்டிய மாரை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் இருந்தது.

"அப்ப அது மரியாதை இல்லையா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மரியாதைதான். இத்தன வருசம் வெளிய சொல்லல பாத்தியளா."

"நாயி எச்சிலக் கழுவுத. ஊரு பிள்ளைக்கெல்லாம் மூக்குத் தொடச்சு விடுத. நான் தின்னா மட்டும் உனக்கு ஆகலையோ?"

"உங்க மேல எனக்கு என்ன கோவம்? உங்களுக்கு நான் வேற ஒரு கொறையும் சொன்னதில்லயே. அந்தச் சத்தம் மட்டும் ஆகாது. மனசு சொன்னாக் காது கேக்குதா?" அவள் மகளைப் பார்த்தாள். "என் காலம் போயிருச்சு. ஆனா அவ, தெனம் மூணு வேள, சாகுற வரைக்கும் குழாயத் தெறந்து விடணும்னா, யோசிக்கணும்ங்க."

யோசிப்பதாவது. சங்கையா துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் வாக்குக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம போறோம், கை நனைக்கிறோம். சத்தம் ஆகலைன்னு ஒரு நல்ல சம்பந்தத்த விட்டான் சங்கையான்னு ஊர் சிரிக்க விடமாட்டேன்."

அன்று மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். சீனியம்மாள் வழக்கம்போல் வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாய் திறந்தது.

"அத மூடு," என்றார்.

மூடினாள். தறிக்கு அன்றைக்கு விடுமுறை. வீடு முழுக்க ஒரு சத்தம் இல்லை. சங்கையா ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். ஆயுசில் முதல் தடவையாகத் தான் மெல்லுவது அவருக்கே கேட்டது. நிறுத்தினார். மெதுவாக மென்று பார்த்தார். அது இன்னும் மோசமாக, சேற்றில் நடக்கிற மாதிரி கேட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு மென்றார், மூச்சு முட்டியது. சொந்தச் சோற்றைத் திருட்டுச் சோறுபோல் தின்னவைத்துவிட்டார்களே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் கை கழுவிவிட்டு தெருமுக்குப் பரோட்டாக் கடைக்குப் போனார்.

அங்கேயும் விடவில்லை அந்தச் சனியன். இத்தனை வருஷம் அந்தக் கடையில் தின்றிருக்கிறார். கல்லில் கொத்துகிற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றைக் கேட்டதில்லை. இன்று எதிரே உட்கார்ந்திருந்தவன் சால்னாவில் ஊறிய பரோட்டாவை வாயில் திணித்து அரைப்பது ஒவ்வொன்றாகக் கேட்டது. அவன் விரல் சூப்பினான். சங்கையா தன் பரோட்டாவைத் தள்ளிவைத்தார். ஒருத்தி சொல்லிவிட்டால் காதுக்குப் புதுசாகக் கண் முளைத்துவிடுமா என்ன? பெண்டாட்டி மேலும் மகள் மேலும் இருந்த கோபம் அந்த முன்பின் தெரியாத மனுஷன் மேல் திரும்பியது.

"அண்ணாச்சி, செத்த வாயை மூடித் தின்னா என்ன?" என்றார்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். "வாயை மூடிட்டு எதுக்குள்ள போடச் சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் அரைக்க ஆரம்பித்தான்.  நேற்றுவரை அது சங்கையாவே சொல்லியிருக்கக்கூடிய பதில்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிவரஞ்சனி வரவில்லை, கை நனைக்கப் பெண் போகிற வழக்கமும் இல்லை. கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அப்பா, நீங்க எலையில உக்காந்துட்டா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். உங்க வாக்கு எனக்குத் தெரியும்."

அழுதிருந்தாலாவது அதட்டியிருக்கலாம். சங்கையா வேனில் ஏறினார். 

சமுத்திரத்தின் வீடு ரதவீதிக்குப் பின்னால் இருந்தது. சுத்தமான வீடு, மரியாதை தெரிந்த மனுஷர்கள். வந்தவர்களைத் திண்டு போட்டு உட்காரவைத்தார்கள். கூடத்தில் ஒரு டிவி, பேர் தெரியாத ஒரு நாடகத்தை மெல்லிய சத்தத்தில் காட்டிக்கொண்டிருந்தது. சமுத்திரத்தின் மனைவி பெத்தம்மாள் சீனியம்மாளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சமையல் வாசனை தெரு வரை வந்தது.

ஆண்களுக்கு முதல் பந்தி. வரிசையாக நாலு இலை: சமுத்திரம், மாப்பிள்ளை, சங்கையா, பாண்டிதுரை. பெத்தம்மாள் ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். இலைநுனியில் பாயசம் விழுந்தது, அப்பளம் விழுந்தது, சோறு ஆவி பறந்தது. பாண்டிதுரை தண்ணீர் தெளிப்பதற்கு முன்னாலேயே அப்பளத்தை நொறுக்கிவிட்டான்.

"சம்பந்தி, இனிப்பத் தொட்டு ஆரம்பிங்க," என்றார் சமுத்திரம். முறைக்கு வழிகாட்டுகிறவர்போல் தன் இலையில் இருந்த பாயசத்தை வழித்து, உள்ளங்கையோடு வாய்க்குக் கொண்டுபோய், ஒரு இழுப்பு இழுத்தார்.

பெத்தம்மாள் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். கூடத்து மூலைக்குப் போனாள். டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

இலைக்குத் தெளிக்கத் தண்ணீர் டம்ளரை எடுக்கப் போன சங்கையாவின் கை அப்படியே நின்றது. நாடகத்தில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். டிவியை யாரும் பார்க்கவில்லை. பெத்தம்மாளும் பார்க்கவில்லை, சத்தத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பி, அடுக்களைப் பக்கம் நடந்தாள்.

"ஏம்மா," என்றார் சங்கையா. "வீட்டு ஆளுக எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதில்லையா?"

"நான் எப்பவும் பொறவுதான் அண்ணாச்சி," என்றாள் பெத்தம்மாள். "எனக்கு அப்பிடியே பழகிப்போச்சு."

"அவ என்கூட உக்காந்து தின்னதே இல்ல சம்பந்தி," என்றார் சமுத்திரம் பெருமையாக. "அந்தக் காலத்து வளர்ப்பு. அம்புட்டு மரியாதை."

சங்கையா தலையைத் திருப்பினார். அடுக்களை நிலைப்படியில் சீனியம்மாள் நின்றிருந்தாள். அவள் பெத்தம்மாளைப் பார்த்தாள். பெத்தம்மாள் தரையைப் பார்த்தாள்.

எத்தனை வீடு இப்படி? மம்சாபுரத்திலும் ராஜபாளையத்திலும் இந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனை குழாய் திறந்து கிடக்கிறது, எத்தனை டிவி யாரும் பார்க்காமல் கத்துகிறது, எத்தனை ஆண்பிள்ளை அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறான்? சங்கையாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. சமுத்திரம் மேல், தன் மேல், சொல்லாமல் இருந்த அந்த ரெண்டு பொம்பளைகள் மேல், எல்லோர் மேலும்தான். அவர் மகள் முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள். சொன்னவளைத்தான் அவர் அதட்டினார்.

இலையை முன்பக்கம் மடிக்கவில்லை, தொடவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன சம்பந்தி?" என்றார் சமுத்திரம்.

"மன்னிக்கணும். இந்தச் சம்பந்தம் சரிப்படாது. எம் மகளுக்கு இஷ்டமில்ல. அவ சொன்ன அன்னைக்கே நான் கேட்டிருக்கணும், கேக்கல. உக்காந்தது என் தப்பு."

சமுத்திரம் இலையில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார். "எலையில உக்காந்துட்டு எந்திரிக்கிறியளா? எங்க வீட்டுச் சோத்துல என்ன கொறையக் கண்டிய? காரணத்தச் சொல்லிட்டுப் போங்க."

"சோத்துல ஒரு கொறையுமில்ல. உங்க பையன் மேலயும் ஒரு குத்தமுமில்ல. காரணம் கேட்டா என் வீட்டச் சொல்லணும், சொல்ல மாட்டேன். என்னைய என்ன வேணாலும் பேசுங்க."

"பேசாமலா விடுவேன். ஊரு பூராச் சொல்லுவேன், ராஜபாளையத்துச் சங்கையாவுக்கு வாக்கு கெடையாதுன்னு."

அந்த ஒரு பேச்சு மட்டும் யாரும் இதுவரை அவரைப் பார்த்துப் பேசியதில்லை. சங்கையா வாயில் வந்ததை விழுங்கினார். "சொல்லுங்க," என்றார்.

லிங்கேஸ்வரன் கையை உதறிவிட்டு எழுந்தான். "விடுங்கப்பா. அந்தப் பிள்ளைக்கு இஷ்டமில்லைன்னா அப்பறம் என்ன?" நல்ல பையன். அதுதான் சங்கையாவுக்குத் தாங்கவில்லை. அவன் தோளைத் தட்டி, "நீங்க தெம்பாச் சாப்பிடுங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சீனியம்மாள் வாசலில் செருப்பைத் தேடினாள். பெத்தம்மாள் அவள் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்டாள். உள்ளே டிவி இன்னும் அழுதுகொண்டிருந்தது.

வேனில் ஏறியதும் பாண்டிதுரை மெதுவாகக் கேட்டான். "அத்தான், நான் அப்பளம் தின்னுட்டேன். அது கணக்குல வருமா?"

"நீ அந்த வீட்டுலயே பொண்ணு எடுத்துக்கோலே," என்றார் சங்கையா.

ராஜபாளையம் வருகிறவரை பசி வயிற்றைக் கிள்ளியது. மகளிடம் அவர் சொன்னது ஒரே வரி: "எந்திரிச்சு வந்துட்டேன்." அவள் அழுதாள். அதற்கு எதற்கு அழ வேண்டும் என்று அதட்டினார். இப்போது அதட்டக் காரணம் கிடைத்தது.

மறுநாள் தறி ஓடியது. மதியம் சீனியம்மாள் அவருக்குச் சோறு எடுத்து வைக்கப் போனபோது சங்கையா அடுக்களை வாசலில் வந்து நின்றார். அங்கே அவர் வந்து நின்றதில்லை.

"கொட்டகைக்குக் கொண்டா," என்றார். "உனக்கும் சேத்து."

"அங்கயா? அந்தச் சத்தத்துலயா?"

"சத்தந்தான வேணும்."

பன்னிரண்டு தறியும் முழுமூச்சில் அடித்துக்கொண்டிருந்தன. நூல்கண்டுப் பெட்டிகள் அடுக்கிய மூலையில் சங்கையா ஒரு சாக்கை விரித்தார், தன் பக்கத்தில் இன்னொரு சாக்கையும் விரித்தார். சீனியம்மாள் பாத்திரங்களை இறக்கிவைத்தாள். தறி ஓட்டுகிற பெண்கள் வேறு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தாள். அவருக்கு வைத்தாள், தனக்கும் வைத்துக்கொண்டாள்.

சங்கையா உருட்டி வாயில் போட்டார். இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த வாயைத் திறந்து தன் இஷ்டத்துக்கு மென்றார். ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி ஒரே இழுப்பு. அவருக்கே கேட்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். சீனியம்மாள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவளும் அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று அவர் பார்த்ததே இல்லை. ஊறுகாயைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறவள் போலிருக்கிறது. அவள் என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை. என்ன என்று கையால் கேட்டார். குழம்பில் உப்பு சரியா என்று கையாலேயே கேட்டாள். சரிதான் என்று தலையை ஆட்டினார்.

இன்னொரு கவளத்தை உருட்டி வாய் நிறையப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் அடங்கின. கொட்டகையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. சங்கையா மெல்லுவதை நிறுத்தினார். கன்னம் ரெண்டும் புடைத்திருந்தன. கரண்டுக்காரனைத் திட்டலாம் என்றால் வாயில் இடமில்லை.

சீனியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டில் கையை வைத்தபடி, ஊறுகாயைத் தொடாமல் இருந்தாள்.

"அவசரமில்ல," என்றாள். "கரண்டு வரட்டும்."